எல்லா நாளும் பத்து

கல்முனைக்குடி
12.02.2025

அன்பு மகள் பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை எழுதுவது உன் வாப்பா. வேறு யாரும் இல்லை. உனக்கு மூத்தவள், ராத்தா முனவ்வறா பக்கத்தில் நின்று பார்க்கிறாள். ஆனால் பேனையைத் தொட நான் விடவில்லை.

இங்கே நான், ராத்தா, அவள் வீட்டார் எல்லோரும் சுகம். நீயும் மருமகன் இன்பாஸும் எப்படி இருக்கிறீர்கள்? வெலிமடைக் குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா?

இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை தொடங்கினேன். இன்று புதன். ஒரு நாளைக்கு நாலைந்து வரி. அவசரப்பட்டால் எழுத்து சரிந்து விடுகிறது. எனக்கு எழுபத்து மூன்று வயது. இது என் முதல் கடிதம்.

வாசிகசாலையில் றம்லா டீச்சர் வயதானவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்துகிறா என்று உனக்கு ராத்தா சொல்லியிருப்பாள். பதினொரு பேர் போகிறோம். எனக்குப் பக்கத்துக் கதிரை பாண்டிருப்புத் தங்கத்துரை. அறுபது வருஷம் கடலுக்குப் போன மனிதன். முதல் நாளே, "என்ன நித்திரைக் கலந்தர் காக்கா, வகுப்புலயும் படுக்கிற எண்ணமோ?" என்று கேட்டார். வாய்க்கால் மதகான துருசைக் காவல் காக்கிற வேலையில் தண்ணீரைப் பார்க்காமல் நித்திரை கொண்டவன் என்று எனக்கு வைத்த பெயர் பாண்டிருப்பு வரைக்கும் போயிருக்கிறது. "நீங்க தூண்டில எறிஞ்சிட்டுக் கொறட்ட விட்ட ஆள்தானே, கதைக்கிறீங்க," என்றேன். டீச்சர் இரண்டு பேரையும் ஏசினா.

மகள், ஒரு உண்மை சொல்கிறேன். நீ போனில் கதைக்கும்போது எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு ராத்தாவிடம் கொடுத்து விடுவேன். என் காது போய் மூன்று வருஷம். பக்கத்தில் இருந்து உரக்கச் சொன்னால்தான் விளங்கும். நீ அங்கே போய் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் நீ சொல்வதை நானே வாசிப்பேன். வேண்டுமென்றால் இரண்டு தடவை வாசிப்பேன்.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று ராத்தா என் காதில் கத்தினாள். எனக்குக் கேட்பதற்கு முன்னம் தெரு முழுக்கக் கேட்டு விட்டது. ஆறு வருஷமாகக் கேட்ட துஆ. அல்ஹம்துலில்லாஹ். பாரம் தூக்காதே.

பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது.

உன் வாப்பா
ஆ. கலந்தர்
(கையெழுத்து. பெருவிரல் அடையாளம் இல்லை.)


வெலிமடை
21.02.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கால் வலி எப்படி?

தபால்காரர் கடிதத்தைத் தந்தபோது உறையில் இருந்த எழுத்தைப் பார்த்து ஏதோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். உள்ளே பார்த்ததும் வாசலிலேயே இருந்து விட்டேன். இன்பாஸ் வாங்கி வாசித்துவிட்டு, "மாமாட எழுத்து என்ட எழுத்த விட வடிவாயிருக்கு," என்றார். பொய் இல்லை வாப்பா. அவருடைய எழுத்தை நீங்கள் பார்த்ததில்லை.

இப்போது நாலாம் மாதம். வாந்தி குறைந்து விட்டது. பள்ளிக்கூடம் போய் வருகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான் மேசையைத் தூக்கப் போனால் ஓடி வந்து பறிக்கிறார்கள். கிளினிக்கில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொன்னார்கள்.

இன்பாஸ் றோட்டு வேலை மேற்பார்வைக்காகத் திங்கள் போனால் வெள்ளிதான் வருவார். அந்த நாட்களில் வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். வேறு குறை இல்லை.

ஒன்று கேட்க வேண்டும் வாப்பா. உம்மாவிடம் கேட்டிருக்க வேண்டியது. நான் வயிற்றில் இருந்தபோது எத்தனையாம் மாதத்தில் அசைந்தேனாம்? உங்களிடம் எப்போதாவது சொன்னாவா?

உங்கள் மகள்
பஸ்மினா


கல்முனைக்குடி
13.03.2025

அன்பு மகள் பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பன்னிரண்டு முடிந்து விட்டது. நான் எல்லாம் பிடித்திருக்கிறேன். கால் வலி இருக்கிறது, ஆனால் அதற்கும் பழக்கமாகி விட்டது. நீ நோன்பு பிடிப்பதென்றால் டொக்டரிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்யலாம்.

உன் கேள்வியை ஐந்து நாளாக யோசித்தேன். உன் உம்மா ஸுல்பிகா என்னிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை. நான் வாய்க்காலைப் பார்க்கப் போய் விடுவேன். அவ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டிருந்தால் இன்றைக்கு உனக்குச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

ஆனபடியால் வகுப்பில் கேட்டேன். மீன் விற்கிற பாலம்மாவும் எங்களோடு படிக்கிறா. ஐந்து பிள்ளை பெற்றவ. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மொதல் புள்ளையெண்டாச் சுணங்கும் காக்கா. வயித்துக்குள்ள காத்து ஓடுறாப்போல, மீன்குஞ்சு தட்டுறாப்போல இரிக்கும். அதப் புள்ளையெண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு புள்ளையப்போல மத்தப் புள்ள இல்ல."

உடனே தங்கத்துரை, "எனக்கும் பலாப்பழம் திண்டா அப்பிடித்தான் ஓடும்," என்றார். பாலம்மா சிலேட்டால் அடிக்கப் போனா.

மகள், பிள்ளை அசைந்தால் அன்றைக்கே எனக்கு எழுது. ராத்தாவுக்குப் போனில் சொல்லாதே. நான்தான் முதலில் வாசிக்க வேண்டும். அந்த ஒரு வரியை வாசிக்கத்தான் இவ்வளவு நாளும் எழுத்துப் படித்தேன் என்று எனக்குத் தோன்றுகிறது.

துஆவுடன்
வாப்பா கலந்தர்


வெலிமடை
03.04.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாறக். உங்களுக்கும் ராத்தா வீட்டாருக்கும் எங்கள் வாழ்த்து.

ஓம் வாப்பா, அசைகிறது. நல்லாக அசைகிறது. கிளினிக்கிலும் மிட்வைப் மிஸ் கேட்டா. ஓம் என்று சொன்னேன்.

பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அதற்குக் கித்துள் பாணி கொண்டு வந்து தந்தா. பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை நடக்கிறது. நூற்றிருபது விடைத்தாள் திருத்தக் கிடக்கிறது. மழை விட்ட பாடில்லை.

உங்கள் மகள்
பஸ்மினா


கல்முனைக்குடி
16.04.2025

என் கண்ணான மகள் பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். அதைவிடப் பெரிய சுகம் உன் கடிதம்.

"ஓம் வாப்பா, அசைகிறது." இதை வீட்டில் வாசித்தேன். பிறகு ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு வகுப்புக்குக் கொண்டு போய் எழும்பி நின்று எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். எனக்குக் காது கேளாதபடியால் எவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை. வெளியே முச்சக்கர வண்டிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த நாள் தங்கத்துரை வீட்டுச் சித்திரை வருசப் பலகாரம் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து, "இது காக்காட பேரப்புள்ளைக்கு, காக்கா திண்டிராதீங்க," என்றார். நான்தான் தின்றேன்.

இப்போது வகுப்பில் எல்லோரும் ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்கிறார்கள். "இண்டைக்குப் புள்ள எப்பிடி?" நான், "துள்ளுது," என்று சொல்கிறேன்.

எந்தப் பக்கம் அசைகிறது? ஒரு நாளைக்கு எத்தனை தரம்? இலக்கத்தில் எழுது. நான் இலக்கம் பழகுகிறேன்.

சந்தோசத்துடன்
வாப்பா கலந்தர்


வெலிமடை
26.05.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல். பதில் பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வேலை கூடி விட்டது. நான் சுகம். உங்கள் காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

கிளினிக்கில் ஒரு அட்டை தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும். பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு வருகிறதோ அந்த நேரத்தை அட்டையில் எழுத வேண்டும். இரவு ஒன்பது மணிக்குள் பத்து வராவிட்டால், அல்லது வழமையை விடக் குறைந்தது போல் தெரிந்தால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். "எத்தின தரம் வந்தாலும் நாங்க ஏச மாட்டோம்," என்று மிட்வைப் மிஸ் இரண்டு தரம் சொன்னா.

வகுப்பில் ஆறு பாடம் நின்று படிப்பித்துக்கொண்டு எண்ணுவது கொஞ்சம் கரைச்சல்தான். சமாளிக்கலாம். உங்களுக்கு இலக்கம் வேண்டும் என்றீர்களே. அட்டையைப் பார்த்து எழுதி அனுப்புகிறேன்.

ராத்தாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவ கவலைப்படுவா.

உங்கள் மகள்
பஸ்மினா


கல்முனைக்குடி
04.06.2025

அன்பு மகள் பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கிறது. எல்லோரும் சுகம். ராத்தா எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

அட்டையை அப்படியே எழுதி அனுப்பு. திகதி ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம். பத்துக்குக் குறையாமல் வர வேண்டும், கேட்டாயா! பத்து வந்தால் இங்கே எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னிடமும் ஒரு காலம் இப்படி ஒரு கொப்பி இருந்தது. சாகாமம் பக்கத்தில் துருசுக் காவலாக இருந்தபோது, வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காலைக்குக் காலை அளவுக் கட்டையைப் பார்த்து எழுத வேண்டும். அது வேறு கதை. நித்திரைக் கலந்தரின் கதை. நீ சின்னதிலேயே கேட்டதுதானே.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டு
வாப்பா கலந்தர்


வெலிமடை
23.06.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கேட்டது இதில் இருக்கிறது.

ஜூன் 1 – பத்து – பகல் 12 மணி
ஜூன் 2 – பத்து – பகல் 12 மணி
ஜூன் 3 – பத்து – பகல் 12 மணி
ஜூன் 4 – பத்து – பகல் 12 மணி

இப்படியே இருபத்திரண்டு வரைக்கும் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். எல்லா நாளும் ஒன்றுதான். உங்களுக்கு வாசிக்க இலகுவாக இருக்கும்.

எல்லோருக்கும் சலாம் சொல்லுங்கள்.

பஸ்மினா


பெரியாஸ்பத்திரி, வெளியே வாங்குப் பலகை
01.07.2025
காலை

மகள் பஸ்மினா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உன் வார்ட்டுக்கு வெளியே இருக்கிறேன். ஆம்பிளைகளைப் பார்வை நேரம் வரும்வரை உள்ளே விட மாட்டார்களாம். விட்டாலும் எனக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. வார்ட் முழுக்கக் கேட்கும். ஆனபடியால் எழுதுகிறேன். ராத்தா கொண்டு வந்து தருவாள். இது அவசரமாக எழுதுகிறது. எழுத்து சரிந்திருக்கும். பொறுத்துக்கொள்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. பிரித்துப் பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோசம். வரிசையாகப் பத்து. வரிசையாகப் பன்னிரண்டு. தடங்கல் இல்லாமல் வாசித்தேன். வகுப்புக்குக் கொண்டு ஓடினேன். இனிப்பும் வாங்கினேன்.

தங்கத்துரை தாளை வாங்கிப் பார்த்தார். "என்ன காக்கா, ஒங்கட பேரப்புள்ள கையில மணிக்கூடு கட்டித்தான் இரிக்காரோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

சிரிப்பு வரவில்லை மகள். அந்தத் தாளை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். அதை எழுதியவன் நான்.

துருசில் வேலை கிடைத்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. எழுதத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேலை இல்லை. கட்டையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியும். எழுதத்தான் தெரியாது. அந்த மாதம் தண்ணீர் எட்டில் நின்றது. ஸுல்பிகா கரித்துண்டால் எட்டு எப்படிப் போடுவது என்று காட்டித் தந்தா. ஒரு வட்டத்துக்கு மேலே இன்னொரு வட்டம். எனக்குத் தெரிந்த ஒரேயொரு இலக்கம் அதுதான். தண்ணீர் ஏழுக்கு இறங்கியது. நான் எட்டுப் போட்டேன். ஐந்துக்கு இறங்கியது. எட்டுப் போட்டேன். ஒவ்வொரு காலையும் கட்டைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன். பொறுப்பான ஐயா கொப்பியைப் பார்ப்பார். எட்டு நிற்கிறது, மேல் துருசைத் திறக்கத் தேவையில்லை என்று போய் விடுவார்.

வாய்க்காலின் கடைசியில் உதுமாலெவ்வைக்கு இரண்டு ஏக்கர். கதிர் வருவதற்கு முந்தின குடலைப் பருவத்தில் பயிர் முழுக்கக் கருகிப் போனது.

விசாரிக்க வந்த ஐயா கொப்பியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஓடுற தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரே அளவுல நிக்காது கலந்தர். எல்லா நாளும் எட்டு எண்டு எழுதினவன் தண்ணியப் பாக்கல்ல. படுத்திருக்கான்." நான் ஓம் என்று தலையாட்டினேன். எழுதத் தெரியாதவன் என்பதை விட நித்திரைக்காரன் என்பது எனக்கு லேசாக இருந்தது. நாற்பது வருஷம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டேன். உன் உம்மாவுக்கு மட்டும் தெரியும்.

நேற்று உன் பத்துகளைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. நீ ஏதோ ஒன்றைச் சொல்ல முடியாமல் எழுதியிருக்கிறாய். உனக்கு எழுத்துத் தெரியும். தெரியாதது வேறு ஏதோ.

அந்த இடத்திலேயே கதிரையைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கால் வலி ஞாபகம் இல்லை. "போனை எடு, பஸ்மினாக்கு எடு," என்று ராத்தாவிடம் கத்தினேன். நீ முதலில், "வாப்பாக்கு என்ன வந்த, நான் நல்லாத்தான் இருக்கன்," என்றாயாம். ராத்தா, "கடைசியா எப்ப அசைஞ்ச?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அழுகைதானாம். "அழுற வேலைய ஆஸ்பத்திரியில போய்ப் பாரு, இப்ப எழும்பு புள்ள!" என்று அவள் ஏசியது எனக்கே கேட்டது.

நானும் ராத்தாவும் பஸ் ஏறினோம். பிள்ளையின் இருதயம் அடிக்கிறதாம் என்று, வேலையிலிருந்து ஓடி வந்த இன்பாஸ் போனில் சொன்னதை ராத்தா கடதாசியில் எழுதிக் காட்டினாள். அதற்கு மேல் டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். அம்பாறையில் பஸ் மாறி இங்கே வரும்வரை அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தப்பு என்னுடையது மகள். ஓம் என்று எழுது, பத்து என்று எழுது என்று கேட்டது நான். உண்மையை எழுத நீ இடம் தேடியிருப்பாய். நான் அந்த இடம் முழுக்கச் சந்தோசத்தை நிரப்பி வைத்திருந்தேன்.

இப்போது எனக்குப் பத்து வேண்டாம். என்ன இருக்கிறதோ அதை எழுது. ஒன்று என்றால் ஒன்று. ஒன்றும் இல்லை என்றால் அதை எழுது. நான் எல்லா இலக்கமும் படித்து விட்டேன். எதையும் வாசிப்பேன்.

வாப்பா


அதே தாளின் பின்பக்கம்
காலை 10.30

வாப்பா,

உங்கள் கடிதத்தை ராத்தா தந்தா. வயிற்றில் மெஷின் பட்டி கட்டியிருக்கிறது. சரிந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் எழுத்தும் சரிந்துதான் இருக்கும்.

முதலில் நீங்கள் கேட்டது. பிள்ளையின் இருதயம் நல்லாக அடிக்கிறது. ஆனால் பிள்ளையைச் சுற்றி இருக்கிற தண்ணீர் குறைந்திருக்கிறதாம். அதனால்தான் அசைவும் குறைந்ததாம். டொக்டர், "இண்டைக்கு வந்தது நல்லம். இன்னும் ஒரு கிழமை..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். இங்கேயே வைத்துப் பார்ப்பார்களாம். கூடினால் மூன்று கிழமை. தேவையென்றால் அதற்கு முன்னமே எடுப்பார்களாம். பிள்ளையின் மூச்சு பலப்பட எனக்கு ஊசி போட்டிருக்கிறார்கள்.

இனி நான் சொல்லாமல் விட்டது. ஏப்ரலில் "ஓம், அசைகிறது" என்று எழுதியபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிளினிக்கில் என்னோடு இருந்த எல்லோரும் துள்ளுது, உதைக்குது என்றார்கள். நான் மட்டும் இல்லை என்று சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் பிள்ளை இல்லாமல் போய் விடும் என்பது போல ஒரு பயம். ஆறு வருஷம் வாப்பா. பிறகு மே மாதத்தில் உண்மையாகவே தெரிந்தது. பாலம்மா சொன்ன அதே மீன்குஞ்சு. என் நச்சுக்கொடி முன்பக்கம் இருக்கிறதாம், அதனால்தான் பிந்தித் தெரிந்ததாம். இதை நேற்றுத்தான் சொன்னார்கள். முன்னமே கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

ஜூனில் எண்ணத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை தவறி விடும். பகல் இடைவேளைக்கு மணி அடித்ததும் பத்து என்று எழுதி விடுவேன். விடுமுறை நாளிலும் அதே பன்னிரண்டைப் போட்டேன். கடைசிக் கிழமையில் குறைந்தது போல் இருந்தது. குறைந்ததா, நான் கவனிக்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. எழுதிய பத்துகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து எல்லாம் சரி என்று இருந்தேன். என் கையால் எழுதிய பொய்யை நானே நம்பினேன்.

உங்கள் மேல் தப்பில்லை வாப்பா. கொஞ்சம் இருக்கிறது. அந்த இனிப்பில்.

இப்போது மணி 10.50. ஒன்பதிலிருந்து எண்ணுகிறேன். நாலு. நாலுதான் வாப்பா. ஆனால் உண்மையான நாலு. ராத்தாவின் கையை வைத்துப் பார்த்தோம். நாலாவது அவவுக்கும் தெரிந்தது.

பஸ்மினா


வெலிமடை
05.08.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் பேத்தி நுஸ்ரத்தும் சுகம். இன்பாஸும் சுகம், ஆனால் நித்திரை இல்லை. ராத்தா இங்கே நிற்பதால் வீடு கல்முனைக்குடி போல இருக்கிறது. ஏச்சும் அப்படித்தான். அவ இல்லாமல் உங்களுக்குச் சாப்பாடெல்லாம் சரியா?

பிள்ளை இப்போது இரண்டு கிலோ எழுநூறு. ஒப்பரேஷன் செய்து எடுத்த அன்றைக்கு இரண்டு கிலோ இருநூறு. மூன்று நாள் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது அவளுடைய சத்தம் உங்களுக்கே கேட்கும். நாற்பது நாளுக்குப் பிறகு ஊருக்கு வருகிறோம்.

பால் கொடுக்கிற நேரத்தை எழுதி வைக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை மணிக்கூட்டைப் பார்த்தே எழுதினேன், அந்தந்த நேரத்தில். நேற்றையதைப் பார்த்து எழுதி அனுப்புகிறேன்.

1.25
4.10
5.40
8.05
8.50
12.15
3.30
4.20
7.55
10.40

வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
பஸ்மினா


கல்முனைக்குடி
14.08.2025

அன்பு மகள் பஸ்மினாவுக்கும் என் பேத்தி நுஸ்ரத்துக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மூத்த மருமகன் சமைக்கிறார். உப்புக் கூடிப் போகிறது. சொல்லிவிடாதே.

வகுப்பில் இந்தத் தடவை கடிதத்தை வாசிக்கவில்லை. பாலம்மாவுக்கு மட்டும், மீன்குஞ்சு என்று அவ சொன்னது சரி என்றேன். அவ முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கீரி மீன் ஒரு பை தந்தா. தங்கத்துரை, "மணிக்கூட்டுக்காரி எப்பிடி காக்கா?" என்று கேட்டார். மணிக்கூட்டைக் கழற்றி விட்டாள் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உதுமாலெவ்வையைப் பள்ளிவாசலில் பிடித்தேன். அவருக்கு எண்பத்தொன்று. "நான் அண்டைக்குப் படுக்கல்ல. ஒவ்வொரு காலையும் தண்ணியப் பாத்தன். எனக்கு எழுதத் தெரியாம இருந்த. ஒங்கட பயிர் அதனாலதான் போன," என்றேன். அவர் என்னைக் கிட்ட இழுத்தார். பிறகு நான் கேட்கும்படி என் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னார்: "அந்தப் போகத்த எப்பவோ அல்லாஹ்ட விட்டுட்டன். ஆனா நாப்பது வரிசமா நித்திரைக் கலந்தர் எண்டு கூப்பிட்டு வாய் பழகிப் போச்சு. இனி மாத்த ஏலா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டே வாசல் கேற்று வரைக்கும் வந்தார்.

நீ அனுப்பிய பேத்தியின் நேரங்களை இரண்டு நாளாக வாசித்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலேயும் பார்த்தேன்.

ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது.

வாப்பா
நித்திரைக் கலந்தர்